புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: எக்செலில் 12.05-லிருந்து தசமப் பகுதியை மட்டும் எடுக்க எந்த ஃபங்ஷன்?

பதில்: அதற்கென்று தனி ஃபங்ஷன் கிடையாது. ட்ரங்க் ஃபங்ஷன் தசமத்தை வெட்டிவிட்டு 12-ஐத் தரும். அதை மூல எண்ணிலிருந்து கழித்து, வேண்டிய தசம இடத்துக்கு எண்ணைச் சுருக்கும் ரவுண்ட் ஃபங்ஷனுக்குள் போடுங்கள். எண்ணை எழுத்தாக வைத்துப் புள்ளியில் உடைக்கவே வேண்டாம். கிடைக்கும் 05-ஐ எண்ணாக்கினால் 5, 12.5-க்கும் அதே 5தான் வரும்.

கேள்வி: 5.1-லிருந்து 5 போனால் 0.1தானே? ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது.

பதில்: 0.1 என்பது இரும எண்முறையில் முடிவில்லாமல் நீளும். கணினி அதை ஓரிடத்தில் நிறுத்தி, மிக அருகிலுள்ள மதிப்பாகத்தான் வைக்கிறது. கழித்ததும் 0.0999999999999996 என்று அந்தக் குறை வெளியே வந்துவிடுகிறது. ரவுண்ட் போடச் சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: வகுத்த மீதியைத் தரும் மாட் ஃபங்ஷனில் 1-ஆல் வகுத்தால் வேலை முடிந்ததே?

பதில்: ப்ளஸ் எண்ணுக்கு முடிந்தது. மைனஸ் 3.75-க்கு அது 0.25 தரும், ட்ரங்க் வழியில் மைனஸ் 0.75 வரும்.

கேள்வி: அப்படியானால் மாட் தருவது தப்பு!

பதில்: தப்பில்லை. மைனஸ் 3.75-ஐ மைனஸ் 4-உம் 0.25-உம் சேர்ந்தது என்றும் பிரிக்கலாம், மைனஸ் 3-உம் மைனஸ் 0.75-உம் சேர்ந்தது என்றும் பிரிக்கலாம். கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் இன்ட் ஃபங்ஷனும் மாட்டும் முதல் வகை, ட்ரங்க் இரண்டாவது. இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. முழு எண்ணை ட்ரங்கிலும் தசமத்தை மாட்டிலும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள், மைனஸ் 2.75 வரும்.

கேள்வி: எண்ணைப் பார்த்தாலே 75 என்று தெரிகிறது. 0.25 யாருக்கு வேண்டும்?

பதில்: நேரக் கணக்குப் போடுபவருக்கு வேண்டும். எக்செலில் ஒரு நாள் என்பது 1. இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடியும் ஷிஃப்டில், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் மைனஸ் மூன்றில் இரண்டு. அதற்கு மாட் போட்டால் மூன்றில் ஒன்று, அதாவது சரியாக 8 மணி நேரம். ட்ரங்க் வழியில் மைனஸ் அப்படியே நிற்கும்.

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில்?

பதில்: மேத் தொகுப்பின் மாட்எஃப் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே தரும், மைனஸ் எண்ணானால் மைனஸ் குறி இரண்டிலும் இருக்கும். மைனஸ் 3.75-க்குப் பின் சதவீதக் குறியும் 1-உம் போட்டால் 0.25. ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி மைனஸ் 0.75 தரும், கவனம்.

கேள்வி: 8.3-லிருந்து 8-ஐக் கழித்தால் 0.3-க்குப் பின்னால் ஏதேதோ வருகிறதே?

பதில்: மேலே 5.1-க்குச் சொன்னதுதான். ரவுண்ட் போடுங்கள்.

கேள்வி: தொகையை எழுத்தால் எழுத ஃபார்முலா?

பதில்: அது வேறு வேலை, மேக்ரோ எழுதுபவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: 7.2-லிருந்து 7...

பதில்: ரவுண்ட்.