ஊர் மக்களை ஆர்கன் கச்சேரிக்கு வரவைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் ஆலயத்தில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பைப் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலி எழுப்பும் பெரிய வாத்தியம்) ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. வாசிக்கவும் நல்ல ஆள் இருக்கிறார். ஆனால் கச்சேரி வைத்தால் பத்துப் பேர்கூட வருவதில்லை. ஊர் மக்களிடம் இந்த இசையை எப்படிக் கொண்டு போவது?

பதில்:

முதல் வேலையாக, வாசிப்பவரை மக்கள் பார்க்கும்படி செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் ஆர்கன் வாசிப்பவள் இல்லை. பிறந்து வளர்ந்தது சென்னை. இப்போது இங்கிலாந்தில், மேற்கு யார்க்‌ஷரில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அரை மணி நேரப் பஸ் தூரம். எங்கள் ஆலயத்தில் மாதம் ஒரு ஆர்கன் கச்சேரி நடத்தும் குழுவில் நானும் ஒருத்தி. நோட்டீஸ் ஒட்டுவது, டீ போடுவது, நாற்காலி இழுத்துப் போடுவது என்று ஏழு வருடமாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

முதல் வருடம் நாங்களும் உங்களைப் போலத்தான் இருந்தோம். சனிக்கிழமை மாலை ஏழரை மணி, ஒன்றரை மணி நேரக் கச்சேரி, டிக்கெட் எட்டு பவுண்டு. அன்று வந்தவர்கள் 14 பேர். அதில் ஆறு பேர் பாடகர் குழுவிலேயே இருப்பவர்கள். வாசித்தவர் அருமையான கலைஞர். ஆனால் எங்கள் ஆலயத்தில் ஆர்கன் பக்கவாட்டில், ஒரு மரத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் காலி மேடையையும் ஜன்னலையும் பார்த்தபடி குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். வயலின் கச்சேரியில் வில் ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம். மிருதங்கத்தில் விரல்களைப் பார்க்கிறோம். இங்கே மனிதர் யாருமே கண்ணில் படவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ ஓடுகிறது என்று நினைத்தாலும் தப்பில்லை.

எனக்கு இது புரிந்தது தற்செயலாகத்தான். ஒரு நாள், வாசிப்பவர் அருகே உட்கார்ந்து இசைத்தாளின் பக்கம் திருப்புகிறவருக்குக் காய்ச்சல். பள்ளிப் பாடகர் குழுவில் கற்றுக்கொண்ட அளவுக்கு எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக் குறியீடு) தெரியும் என்பதால் என்னை உட்காரச் சொன்னார்கள். அன்று ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ட்ரியோ சொனாட்டா ஒன்று. ட்ரியோ என்றால் மூன்று குரல்கள். வலது கை ஒரு கட்டை வரிசையில் ஒரு மெட்டு, இடது கை இன்னொரு வரிசையில் வேறொரு மெட்டு, கால்கள் கீழே பெடலில் மூன்றாவது மெட்டு. மூன்று பேர் வாசிக்க வேண்டியதை ஒருவர் தனியாக வாசிக்கிறார். மெல்லிய தோல் ஷூ போட்ட கால்கள் குதிகாலும் விரல்நுனியுமாக அந்த நீண்ட மரக்கட்டைகள் மேல் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பக்கத்தைத் திருப்பவே மறந்துவிட்டேன். வருடக்கணக்காகக் கேட்ட இசை எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டது.

அடுத்த மாதமே ஞாயிறு பள்ளியில் இருந்து புரொஜெக்டரைக் கடன் வாங்கினோம். ஒரு கேமரா கைகளுக்கு, ஒன்று கால்களுக்கு. ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் கால்களுக்கு வையுங்கள். சத்தமாகச் சொல்கிறேன், கால்களுக்கு! இன்னொரு விஷயம், வயர்லெஸ் வேண்டாம், கேபிள் போடுங்கள். வயர்லெஸில் படம் ஒரு நொடி பின்தங்கி வந்தால் கை ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் என்று ஆகி, பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கேமரா வந்த பிறகு கூட்டம் ஒரே நாளில் கூடிவிடவில்லை. ஆனால் வந்தவர்கள் அடுத்த முறை இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம் நேரம். நாங்கள் சனிக்கிழமை மாலையை விட்டுவிட்டு வார நாளில் மதியம் 12.45க்கு மாற்றினோம். நாற்பது நிமிடம்தான். ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் ஹாலில் மதிய நேர ஆர்கன் கச்சேரிகள் நடப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. அந்த ஆர்கனுக்கே ஒரு கதை உண்டு. ஹென்றி வில்லிஸ் 1860இல் அதைச் செய்தது வேல்ஸில் நியூபோர்ட் என்ற ஊரின் மண்டபத்துக்காக. 1881இல் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் ஹால் திறந்தபோது அது இங்கே வந்து சேர்ந்தது. மதியக் கச்சேரிக்கு வருகிறவர்கள் கையில் சாண்ட்விச்சோடு வருவார்கள். ஓய்வுபெற்றவர்கள், கடையில் வேலை செய்கிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் அம்மாக்கள். குழந்தை அழட்டும், ஆர்கன் சத்தத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

டிக்கெட்டையும் எடுத்துவிட்டோம். வெளியே போகும்போது கதவருகே காணிக்கைத் தட்டும் கார்டு மெஷினும் இருக்கும். ஆனால் வாசிப்பவருக்குச் சம்பளம் கட்டாயம் கொடுங்கள். சபைக்குள் இருக்கும் ஆள்தானே என்று இலவசமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். மணிக்கணக்காகப் பயிற்சி செய்துவிட்டு வருகிறார். டீத்தூள் வாங்கக் காசு இருக்கும் குழுவிடம் அவருக்குக் கொடுக்கவும் காசு இருக்க வேண்டும்.

என்ன வாசிப்பது என்பதில் எங்கள் குழுவுக்குள் நிறையச் சண்டை நடந்திருக்கிறது. பாக் மட்டும்தான் என்று ஒரு கட்சி, சினிமா இசை வாசித்தால்தான் கூட்டம் வரும் என்று ஒரு கட்சி. பழைய காலத்தைப் பாருங்கள். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் பெரும்பாலான மக்கள் முழு ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டதே இல்லை. அதனால் டவுன் ஹால் ஆர்கன்காரர்கள் ஓபரா, சிம்பனி எல்லாவற்றையும் ஆர்கனுக்கு மாற்றி எழுதி வாசித்தார்கள். லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலில் டபிள்யூ. டி. பெஸ்ட் 1855 முதல் 1894 வரை அந்த வேலையைத்தான் செய்தார். ஆலைத் தொழிலாளர்கள் மொஸார்ட்டையும் ரொசினியையும் முதன்முதலில் கேட்டது ஆர்கன் வழியாகத்தான் என்றால் அதில் குறைவு ஒன்றும் இல்லை. எங்கள் கச்சேரியில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு ஒன்றாவது கட்டாயம் இருக்கும். கனமான உருப்படியும் ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கு முன் வாசிப்பவர் எழுந்து வந்து இரண்டு நிமிடம் பேசுவார், மூல மெட்டைத் தனியாக ஒரு முறை வாசித்துக் காட்டுவார். ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறி எடுத்துப் பாடுவது போன்ற ஃபியூக் என்ற வகையில் அந்த மெட்டு எத்தனை முறை திரும்பி வருகிறது என்று பெரியவர்களே விரல் விட்டு எண்ணுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இந்த வழக்கத்துக்கு இன்னும் பழைய வேர் நெதர்லாந்தில் இருக்கிறது. அங்கே சீர்திருத்தச் சபையார் ஆராதனையில் ஆர்கன் கூடாது என்றார்கள். ஆனால் பல ஊர்களில் ஆர்கன் நகரத்தின் சொத்து. அதனால் நகர சபையே சம்பளம் கொடுத்து ஆள் வைத்து, ஆராதனைக்கு முன்னும் பின்னும் ஊர் மக்களுக்காக வாசிக்க வைத்தது. ஆம்ஸ்டர்டாமில் இசையமைப்பாளர் ஸ்வேலிங்க் வாசித்தது இப்படித்தான். ஹார்லெம் நகரின் செயின்ட் பாவோ ஆலயத்தில் 1738இல் முடிந்த அந்தப் பெரிய ஆர்கனை 1766இல் பத்து வயது மொஸார்ட் வாசித்திருக்கிறான். ஆர்கன் ஊர்ப் பொதுச் சொத்து என்ற எண்ணம் அவ்வளவு பழையது. எங்கள் நோட்டீஸிலும் "இது நம் ஊர் ஆர்கன்" என்றுதான் போடுகிறோம். ஆலயத்தின் பெயர் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

இதில் ஒரு காரணமும் உண்டு. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பாகிஸ்தான் வழிவந்த குடும்பங்கள். அவர்கள் ஒருபோதும் உள்ளே வந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டபோது, "அது உங்க சாமி கும்பிடுற இடம், நாங்க எப்படி வர்றது?" என்றார். அடுத்த நோட்டீஸில் "ஆராதனை இல்லை, பிரசங்கம் இல்லை, இசை மட்டும், எல்லோரும் வரலாம்" என்று பெரிதாகப் போட்டோம். அந்த அக்கா தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு ஆர்மோனியம் நன்றாகத் தெரியும். துருத்தியில் இருந்து காற்று, கட்டையை அமுக்கினால் ஒலி என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆர்மோனியத்தில் குழாய் கிடையாது, உலோக நாக்கு அதிர்கிறது, இங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழாய் என்று விளக்கியதும் டக்கென்று பிடித்துக்கொண்டார். கச்சேரி முடிந்ததும் முதலில் ஆர்கன் அருகே போய் நின்றவர் அவர்தான்.

உங்கள் ஆர்கனைச் செய்தது யார், பணம் கொடுத்தது யார் என்று தேடிப் பாருங்கள். பிரிட்டனில் என்றால் தேசிய பைப் ஆர்கன் பதிவேட்டில் பெரும்பாலும் கிடைத்துவிடும். எஃகு வியாபாரி ஆண்ட்ரூ கார்னகி மட்டும் உலகம் முழுக்க 7,600க்கும் அதிகமான ஆர்கன்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். உங்களுடையது அதில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்தது என் சொந்தக் கதை. சிறு வயதில் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்துக்கு, எல்லோரும் கிர்க் என்று சொல்வார்களே, அங்கே அம்மாவோடு போவேன். நட்சத்திரம் வரைந்த நீலக் கூரை, அதன் கீழே பச்சையும் பொன்னிறமுமாக ஆர்கன் குழாய்கள். அந்த ஆர்கன் 1883இல் வந்தது என்று மட்டும் தெரியும். அதைச் செய்தவர் ஹடர்ஸ்ஃபீல்டு பீட்டர் கோனாக்கர் என்பது இங்கே குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது! நான் தினமும் பஸ்ஸில் போய் இறங்கும் ஊரின் பட்டறையில் செய்து, கப்பலில் மதராஸுக்குப் போன குழாய்களின் ஒலியில்தான் நான் முதல் பாடலைக் கேட்டிருக்கிறேன். ஒரு கச்சேரிக்கு முன் இதைச் சொன்னேன். அன்று முதல் வரிசையில் இருந்த ஒரு முதியவர், தன் தாத்தா ஆர்கன் பட்டறையில் தச்சராக இருந்தார் என்று எழுந்து நின்று சொன்னார். அதன் பிறகு எங்கள் ஊரில் யாரும் என்னை "இந்தியாவில் இருந்து வந்த அம்மா" என்று கூப்பிடுவதில்லை, "ஆர்கன் அம்மா" என்கிறார்கள்.

குழந்தைகளுக்கு: ஒவ்வொரு செப்டம்பரிலும் இங்கிலாந்து முழுக்கப் பழைய கட்டடங்களை இலவசமாகத் திறந்துவிடும் நாட்கள் வரும். அந்த நாட்களில் ஆர்கன் அறையையும் திறந்துவிடுகிறோம். பென்சில் அளவு குழாய் ஒன்றைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வோம். அப்புறம் உள்ளே கூட்டிப்போய், ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரமுள்ள பதினாறு அடிக் குழாயைக் காட்டி, "இது பேசினால் உன் வயிற்றில் கேட்கும்" என்று சொல்லி வாசிக்க வைப்போம். எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டாப் குமிழ்களை அவர்களே இழுக்கட்டும். உடைத்துவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள், அவை பெரியவர்கள் கையிலேயே நூறு வருடம் தாங்கியவை. நெதர்லாந்தில் தொடங்கிய ஆர்கல்கிட்ஸ் திட்டத்தில் குழந்தைகளே மரத்துண்டுகளைச் சேர்த்து, ஒலிக்கக்கூடிய சின்ன ஆர்கன் ஒன்றைக் கட்டுகிறார்கள். அந்தப் பெட்டியை வாடகைக்கு எடுக்க முடிந்தால் பள்ளிக்கே கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஜனவரியில், வருகிறவர்கள் குளிரில் நடுங்கக் கூடாது என்று குழுவில் ஒருவர் காலையிலேயே ஹீட்டரை முழுசாகப் போட்டுவிட்டார். காற்று சூடானதும் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறிவிட்டது, நாக்குள்ள ரீட் குழாய்கள் மட்டும் அநேகமாக அப்படியே நின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தபோது காது கூசியது. வாசித்தவர் பாவம், பாதி நிகழ்ச்சியை அங்கேயே மாற்றினார். ட்யூன் செய்தவர் வந்த அன்று என்ன வெப்பநிலையோ, கச்சேரி அன்றும் அதையே வையுங்கள். கம்பளிப் போர்வைகளை நாற்காலியில் போட்டு வைத்தால் போதும்.

வீடியோ போடுவது பற்றியும் கேட்பீர்கள். போடுங்கள். ஆர்கன் கலைஞர் அன்னா லாப்வுட், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் 9,999 குழாய் ஆர்கனில் நள்ளிரவில் பயிற்சி செய்வதைப் படம் பிடித்துப் போட்டே லட்சக்கணக்கான இளைஞர்களை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார். ஆனால் எங்கள் அளவுக்கு, பேக்கரியிலும் லைப்ரரியிலும் டாக்டர் கிளினிக்கிலும் ஒட்டிய காகிதம்தான் அதிகம் பேரைக் கொண்டு வந்தது.

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதுதான்: பியானோ கற்கும் ஊர்ப் பிள்ளை யாராவது ஆர்வமாக வந்து நின்றால் ஆலயத்தின் சாவியைக் கொடுங்கள். வீட்டில் பைப் ஆர்கன் வைத்துப் பயிற்சி செய்ய அநேகமாக யாராலும் முடியாது, ஆலயத்தில்தான் முடியும். எங்கள் குழுவில் சாவி விஷயம் மூன்று கூட்டங்கள் பேசப்பட்டது. பாதுகாப்பு, மின் கட்டணம், யார் பொறுப்பு. சின்னப் பெண் தனியாக இருக்கக் கூடாது என்பதால் ஒரு பெரியவர் கூட இருப்பது என்று கடைசியில் முடிவானது. அந்தப் பெரியவர் நான்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பேன், அவள் பெடல் பயிற்சி செய்துகொண்டிருப்பாள். முதல் திறந்த நாளில் பதினோரு வயதில் பெரிய குழாய்க்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளை. இப்போது பதினைந்து. வருகிற மாதக் கச்சேரியில் முதல் அரை மணி நேரம் அவளுடையது. பக்கம் திருப்ப என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.