மகன் மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கப் போகிறேன் என்கிறானா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளை மேலே படிக்காமல் கராஜில் தட்டு அடுக்கி மைக்ரோகிரீன்ஸ், அதாவது முளைத்துச் சில வாரங்களுக்குள் வெட்டி உண்ணும் இளங்கீரை, வளர்க்கப் போகிறான், இதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம் என்று கேட்டிருந்தீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை அம்மா. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் டர்பனைச் சுற்றி நிலம் குத்தகைக்கு எடுத்து, காய்கறி விற்றுத்தான் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். நீங்கள் அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாரா வாரம் இதை வாங்கப் போவது யார்?

வளர்ப்பதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வான். முள்ளங்கி ஒரு வாரம், பத்து நாளில் வெட்டுக்கு வரும். பட்டாணி, சூரியகாந்தி விதைகளை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். கொத்தமல்லி மூன்று வாரம் இழுக்கும், ஆரம்பத்தில் வேண்டாம். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் விதையை நெருக்கித் தூவி மேலே தண்ணீர் தெளித்தால் பூஞ்சை பிடித்துவிடும். அடித்தட்டில் தண்ணீர் விட்டு, சின்ன விசிறி ஒன்றை ஓடவிடச் சொல்லுங்கள். மருந்து பூசிய விதை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. தக்காளி, கத்தரி நாற்றுகள் உண்ணத் தகாதவை.

சுத்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்திலிருந்து ஈகோலை கிருமி பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மைக்ரோகிரீன்ஸை வேரை விட்டு மேலே வெட்டுவதால் ஆபத்து குறைவுதான். ஆனாலும் பச்சையாகச் சாப்பிடும் பொருள். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் தட்டைக் கிருமிநாசினியில் கழுவியே ஆகவேண்டும். விற்பதற்கு முன், என்ன சான்றிதழ் தேவை என்று டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி விற்பனை. வெட்டிய கீரை ஃபிரிட்ஜில் சில நாள்தான் தாங்கும். உணவகத்துக்கு ஒரு வாரம் கொடுத்து மறுவாரம் இல்லை என்றால், செஃப் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதனால் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். பணம் மாதக் கடைசியில் வரலாம். விதை, மின்சாரம், பெட்ரோல் செலவு அதற்கு முன்பே வந்து நிற்கும். அப்புறம், குடும்பத் தொழிலில் யாரும் எழுதி வைக்காத ஒரு செலவு உண்டு: உங்கள் உழைப்பு. அதிகாலையில் எழுந்து நீங்கள் வெட்டிப் பெட்டியில் அடைக்கும் நேரத்துக்கும் கூலி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம்.

படிப்பா தொழிலா என்று வீட்டில் சண்டை வேண்டாம். உம்லாசியில் இருக்கும் மங்கோசுத்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விவசாய டிப்ளமோ இருக்கிறது, சீடாரா விவசாயக் கல்லூரியும் இருக்கிறது. இந்த ஆண்டே விண்ணப்பம் போடட்டும். இடம் கிடைத்தால், அவன் கராஜில் கற்றது வகுப்பில் நன்றாகவே உதவும்.

இப்போதைக்கு நான்கு தட்டு போதும். அறுவடையைச் சின்னப் பெட்டிகளில் போட்டு, மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு டர்பன் ஃபுளோரிடா ரோடு, உம்ஷ்லாங்கா பகுதி உணவகங்களுக்கு அவனே கொண்டுபோய்ச் சமையல் பொறுப்பாளரிடம் கொடுக்கட்டும். மூன்று இடமாவது வாரந்தோறும் எடுக்கிறோம் என்று சொன்னால் ரேக்கும் விளக்கும் வாங்கலாம். அதுவரை கடன் வாங்காதீர்கள்.