அமெரிக்காவில் கைதான ஒருவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று இணையத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்கா முழுவதற்கும் பெயரைப் போட்டுத் தேடுகிற ஒரே கைதிப் பட்டியல் பொதுமக்களுக்குக் கிடையாது. எஃப்.பி.ஐ. நடத்தும் என்.சி.ஐ.சி. தரவுத்தளம் போலீஸ், நீதித்துறை உபயோகத்துக்கு மட்டும். நாம் பார்க்க முடிந்ததெல்லாம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவுதான் கவுண்டி; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஷெரீஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகம் தனி ஜெயில் நடத்துகிறது. தண்டனை பெற்றவர்களுக்கான சிறைகள் மாநிலத் திருத்தத் துறையின் கையில். ஃபெடரல், அதாவது மத்திய அரசின், சிறைகளை பி.ஓ.பி. என்ற சிறைத்துறை நடத்துகிறது. குடியேற்ற வழக்கில் பிடிபட்டவர்களை வைத்திருப்பது ஐஸ் என்ற குடியேற்ற அமலாக்கத் துறை. ஒன்றின் தேடல் பக்கம் இன்னொன்றைக் காட்டாது. அதனால் கூகுளைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு: பிடித்தது யார், பிடித்த இடம் எது.

சாதாரணக் கைது என்றால் (குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, குடும்பச் சண்டை, கடைத் திருட்டு, பழைய வாரண்ட்) கவுண்டி ஜெயிலில்தான் தேட வேண்டும். அவர் குடியிருக்கும் கவுண்டி அல்ல, கைது நடந்த கவுண்டி. ஒரே நகரம் இரண்டு கவுண்டிகளில் பரவியிருப்பதும் உண்டு. டெக்சாஸில் நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃப்ரிஸ்கோவின் ஒரு பகுதி காலின் கவுண்டி, மறுபகுதி டென்டன் கவுண்டி. ஒன்றின் ஜெயில் மெக்கின்னியில், இன்னொன்று டென்டனில். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டி, பக்கத்திலேயே இருக்கும் மில்பிடாஸ் சான்டா கிளாரா கவுண்டி. தெருப் பெயர் தெரிந்தால் வரைபடத்தில் கவுண்டியை உறுதிசெய்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் இரண்டிலும் தேடிவிடுங்கள்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. கனெக்டிகட், ரோட் ஐலண்ட், டெலவேர், வெர்மான்ட், ஹவாய், அலாஸ்கா ஆகிய ஆறு மாநிலங்களில் விசாரணைக் கைதியானாலும் தண்டனைக் கைதியானாலும் மாநிலத் துறையின் பொறுப்புதான்; அங்கே கவுண்டி பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். லூசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ். வர்ஜீனியாவில் பல கவுண்டிகள் சேர்ந்து ஒரே வட்டார ஜெயிலை நடத்துகின்றன. நியூயார்க் நகரத்தில் ஷெரீஃப் அல்ல, நகரத் திருத்தத் துறை. அங்கே கைதானவர் நீதிபதி முன் முதல் முறை நிறுத்தப்படும் வரை போலீசின் சென்ட்ரல் புக்கிங் என்ற கைதுப் பதிவு மையத்தில் இருப்பார். அந்த நேரத்தில் திருத்தத் துறையின் தேடலில் பெயர் வராது.

பெயர் வரவில்லை என்று பதறுபவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே தேடியவர்கள். கைதானதும் கைரேகை, புகைப்படம், உடைமைப் பட்டியல், உடல்நலக் கேள்விகள், குற்றச்சாட்டைக் கணினியில் ஏற்றுவது எல்லாம் முடிந்த பிறகே புக்கிங் எண் விழும். சில மணி நேரம் பிடிக்கும். பெரிய நகரங்களில் வார இறுதி இரவென்றால் அரை நாள்கூட ஆகலாம். டெக்சாஸ் நகரங்கள் பலவற்றில் முதலில் நகரப் போலீசின் லாக்கப்பில் வைத்துவிட்டுப் பிறகுதான் கவுண்டிக்கு மாற்றுவார்கள். அந்த இடைவெளியில் கவுண்டி பட்டியலில் ஒன்றும் இருக்காது. கைதுசெய்த காவல் நிலையத்தின் அவசரமல்லாத எண்ணுக்குப் போன் போட்டு, முழுப்பெயரும் பிறந்த தேதியும் சொல்லிக் கேட்பதுதான் அப்போது வேலைக்கு ஆகும். அவசர உதவி எண்ணான 911-ஐ இதற்கு அழைக்கக் கூடாது.

அடுத்த தடை பெயர். நம் பெயர் அமைப்பும் அமெரிக்கப் படிவமும் ஒத்துவராத இடம் இது. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் முழுவதும் குடும்பப்பெயராக ஏறி, முதற்பெயர் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே தொடர்ந்திருக்கும். ஜெயிலில் உரிமத்தைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்வார்கள். எனவே சொந்தப் பெயரைக் கடைசிப்பெயர் கட்டத்தில் போட்டு, முதற்பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போட்டுப் பாருங்கள். பிறகு முதற்பெயரைக் காலியாக விட்டுப் பாருங்கள். அப்பா பெயர் கடைசிப்பெயராக இருப்பவர்களுக்கு இரண்டையும் மாற்றிப் போட்டும் தேட வேண்டும். இரண்டு பெயரும் இடைவெளியின்றி ஒட்டிப்போய்ப் பதிவாவதும் உண்டு. எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், ழகரத்துக்கு இசட்-எச் போடுபவரும் உண்டு, எல் போடுபவரும் உண்டு. பெரும்பாலான கவுண்டித் தளங்கள் கடைசிப்பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தைப் போட்டாலே பட்டியலைத் தரும். குறைவான எழுத்தில் தொடங்கி, வயதையும் புக்கிங் தேதியையும் வைத்துச் சலித்தெடுப்பதே நல்ல வழி. பிறந்த தேதி கேட்டால் மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் போட வேண்டும். மார்ச் 4-ஐ நம் ஊர் வழக்கப்படி போட்டால் ஏப்ரல் 3-ல் பிறந்தவரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பெயர் கிடைத்தவுடன் முதலில் புக்கிங் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கட்ட, போன் கணக்கில் பணம் போட, வக்கீலிடம் சொல்ல, எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். சில கவுண்டிகள் ஆளுக்கென்று நிரந்தர எண் ஒன்றும் தரும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் அதை எஸ்.பி.என். என்கிறார்கள். புக்கிங் எண் ஒவ்வொரு கைதுக்கும் மாறும், ஆள் எண் மாறாது. அடுத்து குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, அடுத்த நீதிமன்றத் தேதி. குற்றச்சாட்டு என்று அங்கே இருப்பது கைதுசெய்த அதிகாரி எழுதியது. அரசு வழக்கறிஞர் பிறகு அதைக் குறைக்கலாம், கூட்டலாம், வழக்கே போடாமலும் விடலாம். வாரண்ட் இல்லாமல் கைதுசெய்திருந்தால், கைதுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று நீதிபதி பொதுவாக 48 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். 1991-ல் உச்ச நீதிமன்றம் ரிவர்சைட் கவுண்டி வழக்கில் வகுத்த வரம்பு அது. அதுவரை ஜாமீன் கட்டத்தில் ஒன்றும் இல்லாமலோ பூஜ்யமாகவோ இருந்தால், இலவசமாக விடுவார்கள் என்று அர்த்தமில்லை; தொகை இன்னும் முடிவாகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இல்லினாய் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனே இல்லை என்பதால் அங்கே அந்தக் கட்டத்தைத் தேட வேண்டாம்.

பட்டியலில் 'ஹோல்ட்' என்ற சொல் கண்ணில் பட்டால் நிதானியுங்கள். இந்த வழக்கில் ஜாமீன் கட்டினாலும் வேறு யாரோ அவரைக் கேட்டு நிற்கிறார்கள் என்று பொருள்: வேறு கவுண்டி, யு.எஸ். மார்ஷல் (ஃபெடரல் நீதிமன்றக் கைதிகளுக்குப் பொறுப்பான துறை), அல்லது ஐஸ். குடியுரிமை இல்லாதவருக்கு ஐஸ் ஹோல்ட் இருந்தால், ஜாமீன் கட்டிய கையோடு வீட்டுக்கு வருவார் என்று எண்ண வேண்டாம். விடுவிக்க வேண்டிய நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை கூடுதலாக வைத்திருக்கும்படி ஐஸ் ஜெயிலைக் கேட்கும். அதற்குள் வந்து அழைத்துப்போய்விடலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் கேட்டுவிடுங்கள். கவுண்டித் தளம் ஹோல்டைக் காட்டாமல் போகலாம். ஜெயிலுக்குப் போன் செய்து, "வேறு ஹோல்ட் ஏதும் உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஐஸ் பிடித்திருந்தால் அதன் இணையத் தேடலில் இரண்டு வழி. ஒன்று, ஏ-எண்ணும் (குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் எண்) பிறந்த நாடும். ஏ-எண் 9 இலக்கம் இருக்க வேண்டும்; குறைந்தால் முன்னால் பூஜ்யம் சேருங்கள். கிரீன் கார்டிலும் வேலை அனுமதி அட்டையிலும் 'யு.எஸ்.சி.ஐ.எஸ். எண்' என்று இருப்பது அதுதான். படிப்பு முடித்து ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர்களின் அட்டையிலும் இருக்கும். இன்னொரு வழி முதற்பெயர், கடைசிப்பெயர், பிறந்த நாடு. இங்கே பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பாதிப் பெயர் போட்டால் ஒன்றும் வராது. கேட்பது பிறந்த நாடு, குடியுரிமை நாடு அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இலங்கை என்றே போட வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் இதில் வரமாட்டார்கள். கவுண்டியிலிருந்து ஐஸுக்கு மாற்றும்போது ஓரிரு நாள் இரண்டு தளத்திலும் பெயர் இல்லாமல் போவது சகஜம். அப்போது அந்த வட்டாரத்து ஐஸ் கள அலுவலகத்துக்குப் போன் செய்வதுதான் வழி.

ஃபெடரல் வழக்கில் சிக்கல் வேறு. பி.ஓ.பி. தேடலில் 1982 முதல் அதன் காவலில் இருந்தவர்கள் வருவார்கள். ஆனால் விசாரணை நிலுவையில் இருப்பவர் யு.எஸ். மார்ஷல் காவலில் இருப்பார். மார்ஷலுக்குச் சொந்த ஜெயில் கிடையாது என்பதால் பெரும்பாலும் ஏதோ ஒரு கவுண்டி ஜெயிலில் வாடகைக்கு வைத்திருப்பார்கள். அதனால் பி.ஓ.பி.யில் ஒன்றும் வராமல், பக்கத்துக் கவுண்டிப் பட்டியலில் மார்ஷல் ஹோல்ட் என்று கிடைக்கலாம். ஃபெடரல் பதிவெண் ஐந்து இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம் என்று இருக்கும். வழக்கு நிலையை பேசர் என்ற நீதிமன்றத் தளத்தில் பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை.

தண்டனை விழுந்து மாநிலச் சிறைக்குப் போனவருக்குக் கவுண்டிப் பட்டியலில் 'விடுதலை' என்று காட்டும். வெளியே வந்துவிட்டார் என்று ஏமாற வேண்டாம்; கவுண்டியின் பொறுப்பிலிருந்து போய்விட்டார், அவ்வளவுதான். டெக்சாஸ் மாநிலச் சிறைத் தேடல் இப்போது உள்ளே இருப்பவர்களை மட்டும் காட்டும். வேலை நாட்களில் மட்டுமே புதுப்பிக்கப்படும், விவரம் குறைந்தது 24 மணி நேரம் பழையது. ஃப்ளோரிடாவில் விடுதலையானவர்களையும் தேடலாம். மாசசூசெட்ஸ் போல் இணையப் பட்டியல் சரியாக இல்லாத இடங்களில் வைன்லிங்க் உதவும். 1993-ல் கென்டக்கியில் மேரி பைரன் என்ற பெண், தன்னைத் தாக்கியவன் ஜாமீனில் வந்தது தெரியாமலே அவன் கையால் கொலையுண்டதை அடுத்துத் தொடங்கிய எச்சரிக்கைச் சேவை அது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வந்தாலும் யாரும் தேடலாம். விடுதலையோ இடமாற்றமோ நடந்தால் தகவல் வரும்படி பதிவும் செய்துகொள்ளலாம்.

கூகுளில் முதலில் வந்து நிற்கும் தனியார் தளங்கள் பற்றி ஒரு வார்த்தை. 'தேடுகிறோம்' என்று ஐந்து நிமிடம் சுற்றவிட்டு, கடைசியில் கார்டு எண் கேட்பவை அவை. பல மாதம் பழைய தரவை விற்கின்றன. கவுண்டி அரசுத் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஷெரீஃப் பக்கத்து இணைப்பைப் பிடியுங்கள். கைதிப் பட்டியல் தனியார் மென்பொருள் நிறுவனத்தின் முகவரியில் திறக்கலாம், பரவாயில்லை. அரசுத் தளத்திலிருந்து போனால் போதும், பணம் கேட்காது. கைதுச் செய்தி வெளியான சில மணி நேரத்தில் "ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், கிஃப்ட் கார்டில் ஜாமீன் கட்டுங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. எந்த நீதிமன்றமும் கிஃப்ட் கார்டு வாங்காது.

கவுண்டிப் பட்டியல் ஆள் எங்கே என்று மட்டும்தான் சொல்லும். வழக்கு என்ன ஆனது என்று சொல்லாது. உள்ளூர் ஜெயில்களில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள். எனவே வாடகைக்கு வருபவரையோ வரன் பார்க்கும் மாப்பிள்ளையையோ அந்தப் பக்கத்தின் படத்தை வைத்து எடைபோடுவது தவறு. முடிவு தெரிய அந்த நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தின் வழக்குத் தேடலுக்குப் போக வேண்டும். மேரிலாந்து, விஸ்கான்சின், பென்சில்வேனியா போன்றவற்றில் மாநிலம் முழுவதற்கும் ஒரே இலவசத் தேடல் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியாகத்தான் தேட வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கவோ வீடு வாடகைக்கு விடவோ சரிபார்ப்பதானால், பின்னணிச் சரிபார்ப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி இயங்கும் நிறுவனத்தின் வழியாகச் செய்வதே பாதுகாப்பு; வேலைக்கு என்றால் அந்த நிறுவனத்திடம் கேட்க அவரது எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முந்தைய புக்கிங் பதிவு வேண்டுமென்றால் இணையத்தில் இருக்காது; ஷெரீஃபின் ஆவணப் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஃபெடரல் தகவல் சுதந்திரச் சட்டம் கவுண்டிக்குப் பொருந்தாது என்பதால் அந்தந்த மாநிலப் பொதுப் பதிவுச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். கலிஃபோர்னியாவில் பதில் சொல்ல 10 நாள், நியூயார்க்கில் விண்ணப்பம் கிடைத்ததற்கான பதிலுக்கு 5 வேலை நாள். முழுப்பெயர், பிறந்த தேதி, கைதான உத்தேச மாதம், கைதுசெய்த துறை, வேண்டிய ஆவணம் (புக்கிங் தாளா, விடுதலைத் தாளா) என்று துல்லியமாக எழுதினால் வேகமாக வரும். கைதிப் படம் எல்லா இடத்திலும் கிடைக்காது. நியூயார்க் 2019-லிருந்து அதைப் பொதுவாகத் தருவதில்லை. சிறார் பதிவும், நீதிமன்றம் யாரும் பார்க்க முடியாதபடி மூடி முத்திரையிட்ட பதிவும் பொதுவாக வராது.

தேடுவது உங்கள் சொந்தப் பதிவு, கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ வேண்டும் என்றால், ஜெயில் பக்கத்தின் அச்சுப் பிரதி செல்லாது. நீதிமன்ற எழுத்தர் சான்றளித்த இறுதி முடிவு ஆவணம்தான் கேட்பார்கள்; வழக்கு தள்ளுபடியானாலும் அது வேண்டும். எந்த ஊரில், எந்த ஆண்டு என்று நினைவில்லாவிட்டால், 18 டாலர் கட்டிக் கைரேகை கொடுத்து எஃப்.பி.ஐ.யிடமிருந்து உங்கள் அடையாள வரலாற்றுச் சுருக்கத்தை வாங்குங்கள். அதில் கைதுசெய்த துறையும் தேதியும் இருக்கும். அதை வைத்து நீதிமன்றத்தைக் கண்டுபிடிக்கலாம்.