காலில் எரிச்சல், தோளில் வலி: வீல்சேர் வீரருக்கு மைண்ட்ஃபுல்னெஸ் உதவுமா?

கேள்வி: நான் வீல்சேர் ரேஸிங் வீரர், வயது 29. தண்டுவடக் காயத்தால் நடு மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது, ஆனால் கால்கள் நாள் முழுக்க எரிகின்றன. இரண்டு வருடமாகத் தோள்பட்டைகளும் வலிக்கின்றன. கோச் சொன்னதால் ஒரு ஆப் வைத்து மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் உடம்பிலும் மனதிலும் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கிற பயிற்சி) முயன்றேன். 'கால் விரல்களைக் கவனியுங்கள்' என்று ஆரம்பித்ததுமே எரிச்சல் கூடிவிட்டது, நிறுத்திவிட்டேன். எனக்கெல்லாம் இது ஒத்துவருமா? வந்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: ஒத்துவரும். அந்த ஆப் சொன்ன வழியில்தான் வராது. இந்த ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உணர்வு உள்ளவர்களுக்காகப் பேசப்பட்டவை. எரிச்சலைத் தவிர வேறெதுவும் தெரியாத காலை வைத்துக்கொண்டு 'விரல்களைக் கவனி' என்றால், கவனிக்க அங்கே வேறென்ன இருக்கிறது? கூடத்தான் செய்யும். நிறுத்தியது சரிதான்.

முதலில் இரண்டு வலிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். காலில் இருப்பது நரம்பு வலி. கீழிருந்து வரவேண்டிய தகவல் காயத்தோடு அறுந்துபோனதால் நரம்பு மண்டலம் தானாகவே கிளப்புகிற சமிக்ஞை அது. கை கால் நீக்கப்பட்டவர்களுக்கு இல்லாத உறுப்பில் வலிப்பதும் இதற்கு நெருங்கிய உறவுதான். காலில் புதிதாக எதுவும் கெட்டுப்போகாமலே எரியும். தோள் கதை வேறு. வண்டி தள்ளுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, காரில் ஏறுவது, இதற்கெல்லாம் மேல் ட்ரெயினிங் என்று எல்லாப் பாரமும் அதன் தலையில். முழங்கால் வலிக்கிற ஓட்டக்காரர் ஒரு வாரம் உட்கார்ந்துவிடலாம், உங்கள் தோளுக்கு அந்த விடுமுறை கிடையாது, அதனால்தான் வீல்சேர் வீரர்களிடம் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைப் பிடித்து வைக்கிற தசைகளும் தசைநாண்களும்) கோளாறுகள் இவ்வளவு சகஜம். அந்த வலி ஏதோ சொல்கிறது, கேட்டாக வேண்டும்.

ஆகவே பயிற்சியின் வேலையும் இரண்டு. கால் எரியும்போது கூடவே 'ஐயோ, ஆரம்பிச்சிடுச்சு, இன்னிக்கு ட்ரெயினிங் போச்சு' என்று ஓடுகிற எண்ணம், இறுகுகிற தாடை, பிடித்துக்கொள்கிற மூச்சு, இவற்றைக் கண்டுபிடித்துத் தளர்த்துவது ஒன்று. தோள் சொல்வதைப் பயமும் வீராப்பும் கலக்காமல் கேட்பது இன்னொன்று. 'தியானம் பண்ணினா வலி தெரியாது, இன்னும் நாலு ரவுண்டு போ' என்பது இரண்டிலும் சேராது. உங்கள் கோச் அப்படிச் சொல்கிறவர் என்றால் இந்தப் பத்தியை மட்டும் அவருக்குக் காட்டுங்கள்.

இது வெறும் நம்பிக்கை சமாச்சாரமும் இல்லை. மைண்ட்ஃபுல்னெஸை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த அமெரிக்கர் ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இந்தப் பயிற்சியை ஆரம்பித்தபோது, வந்தவர்களில் பலர் எந்தச் சிகிச்சைக்கும் மசியாத நாள்பட்ட வலிக்காரர்கள். 2016-இல் நாள்பட்ட முதுகுவலி உள்ள 342 பேரிடம் நடந்த ஆய்வில், எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி எடுத்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களைவிட 26-ஆவது வாரத்தில் நன்றாக இருந்தார்கள். அவர்கள் யாரும் பாரா வீரர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, பலனும் மந்திரம் போட்ட மாதிரி பெரிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலருக்கு வலியின் அளவைவிட அது படுத்துகிற பாடுதான் முதலில் குறையும்.

சரி, எப்படிச் செய்வது? உணர்வு நன்றாக இருக்கிற, வலி இல்லாத இடத்தில் ஆரம்பியுங்கள். உங்களுக்கு உள்ளங்கை பொருத்தம் என்று நினைக்கிறேன்: புஷ் ரிம்மின் (சக்கரத்தைத் தள்ளுகிற வளையம்) குளிர்ச்சி, கிளவுஸின் அழுத்தம், விரல்களின் சூடு. மூன்று நிமிடம் போதும். அது பழகிய பிறகு கவனத்தைத் தோளுக்குக் கொண்டுபோங்கள், நேராக வலியின் நடுவுக்குப் போகாமல் ஓரத்துக்கு. குத்துகிறதா, இழுக்கிறதா, சூடா, அசைகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கைக்குத் திரும்புங்கள். காலுக்குப் போவது எப்போதும் உங்கள் விருப்பம், போகவே வேண்டாம் என்றாலும் பயிற்சி குறைப்படாது.

படுத்துக்கொண்டு செய்ய வேண்டியதில்லை. பலருக்கு அசையாமல் படுத்தால் ஸ்பாஸம் (தசை தானாக இறுகித் துடிப்பது) கிளம்பும். உட்கார்ந்தே செய்யுங்கள், புட்டத்தின் அழுத்தம் குறைக்க எடை மாற்றுகிற நேரம் வந்தால் பயிற்சிக்கு நடுவிலும் மாற்றுங்கள். புண் வந்துவிட்டால் மாதக்கணக்கில் டிராக்குக்கே போக முடியாது. கண்ணை மூடினால் விபத்து ஞாபகம் வருகிறவர்கள் கண்ணைத் திறந்தே செய்யலாம், அப்படியும் வந்தால் தனியாகத் தொடராமல் ஒரு உளவியல் நிபுணரோடு செய்வது நல்லது. 'ஆழமாக மூச்சு விடு' என்பதையும் கண்டுகொள்ளாதீர்கள். உயரமான தண்டுவடக் காயத்தில் விலா எலும்பிடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் முழுதாக ஒத்துழைக்காது, இருக்கிற மூச்சு போதும்.

ட்ரெயினிங்கில் இது இன்னும் சின்னதாகிவிடும். ஒவ்வொரு செட்டுக்கும் இடையே பத்து நொடி: வலி எங்கே, எந்த மாதிரி, போன செட்டைவிடக் கூடுகிறதா? அப்புறம் 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டுக் குறித்துவையுங்கள், மறுநாள் காலையும் ஒன்று. காலை எண் வழக்கத்தைவிட ஏறியே இருந்தால் நேற்றைய சுமை அதிகம் என்று அர்த்தம், பிசியோவோடு பேசிக் குறையுங்கள். வலி குறைவான நாளில் ஆசைப்பட்டு இரட்டிப்பாகத் தள்ளிவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பது இந்த நோட்டில் அப்பட்டமாகத் தெரியும். ஸ்டார்ட் லைனில் மட்டும் உடம்பைத் துழாவ வேண்டாம், அங்கே கவனம் ஸ்ட்ரோக்கின் தாளத்தில் இருக்கட்டும்.

கவனித்து உட்காரக் கூடாத நேரங்களும் உண்டு. திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகச் சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை வந்தால் அது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியாவாக (காயத்துக்குக் கீழே ஏதோ உறுத்துவதால் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறுவது) இருக்கலாம். ஆறாவது மார்புத் தண்டுவட மட்டமோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்ட்ராப்பைத் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். வழக்கமான எரிச்சல் திடீரென்று குணம் மாறினாலும் சிறுநீர்த் தொற்று, தோல் புண், கால் வீக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். உணர்வில்லாத எல்லை மேலே ஏறினாலோ கை பலம் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரை விஷயத்தில் தெளிவாகச் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பு வலிக்கான காபாபென்டின், பிரிகாபலின், ஸ்பாஸத்துக்கான பேக்லோஃபென் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் உடம்பு மோசமாக எதிர்வினை காட்டும், வலிப்புகூட வரலாம். பயிற்சி பிடிபட்ட பிறகு மருத்துவரே படிப்படியாகக் குறைக்கலாமா என்று பார்ப்பார். அந்தச் சந்திப்புக்கு எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள், ஏனென்றால் ட்ரமடால் என்கிற வலிநிவாரணி 2024 ஜனவரி 1 முதல், போட்டிக் காலத்தில் வீரர்கள் எடுக்கக் கூடாத ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. உங்களிடம் அது இருந்தால் அடுத்த போட்டிக்கு முன்பே மாற்று மருந்தோ, மருத்துவக் காரணத்துக்கான விலக்கு அனுமதியோ கேட்டுவிட வேண்டும்.