படுவான்கரையில் பாலர் பாடசாலையை தரம் 1 வரை வளர்க்கலாமா?

வணக்கம் தங்கச்சி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், ஒரு கொட்டிலில் 23 பிள்ளைகளோடு நடத்தும் பாலர் பாடசாலையில் அடுத்த தையிலிருந்து தரம் 1 தொடங்கி, அரசிடம் சம்பளமும் கேட்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். நல்ல மனம். ஆனால் தரம் 1 இப்போதைக்கு வேண்டாம்.

இலங்கையின் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அரசின் பண உதவியோடு தனியார் நடத்திய உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து, முழுக்கக் கட்டணத்தில் ஓடுகின்றன. அரசு சம்பளம் தரும் உதவி பெறும் தனியார் பாடசாலைகள் அன்று அரசிடம் போகாமல் நின்ற பழையவை. இரண்டுமே உங்களுக்குச் சரிவராது.

பாலர் பாடசாலை வேறு கதை. அது மாகாண சபையின் விடயம். கிழக்கு மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தில் பதியுங்கள். ஆசிரியர் கொடுப்பனவைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் ஊர்ப் பக்கம் நாங்கள் பதியப் போனபோது, இடம் பார்க்க வந்த அலுவலர் முதலில் பார்த்தது கிணற்றைத்தான். கட்டு இல்லாத கிணறு. கட்டி மூடி போட்ட பிறகுதான் கையெழுத்து வைத்தார். அதனால் கிணறு, மலசலகூடம், வேலி மூன்றையும் இப்போதே பாருங்கள். காணி உறுதியின் பிரதியும் வரவுப் பதிவேடும் கையில் இருக்கட்டும்.

தரம் 1 பிள்ளைகள் தூரம் நடக்கிறார்கள் என்பதுதான் உண்மையான கவலை என்றால், பெற்றோர் கையெழுத்தோடு மட்டக்களப்பு மேற்கு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு மனு கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறது என்று பெயர் பெயராக எழுதுங்கள்.