தண்ணீர் கொதிக்க வைக்க எது நல்லது: கெட்டிலா, கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷனா?

நான்கு பேர் இருக்கும் வீட்டில் குடிக்கவும், காப்பி டீக்கும் தினமும் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம், எதில் வைத்தால் செலவு குறையும், எது பாதுகாப்பு என்பது கேள்வி.

ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் வரை போதும் என்றால் மின் கெட்டில். ஐந்து, பத்து லிட்டராகக் கொதிக்க வைக்க வேண்டும் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பு. கரண்ட் அடிக்கடி போகிற ஊராக இருந்தால், மூடி போட்ட அகலமான பாத்திரத்தில் கேஸ்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 28 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியைத் தொட 0.084 யூனிட் அளவு வெப்பம் வேண்டும். எந்தச் சாதனத்தாலும் இதைக் குறைக்க முடியாது. வீணாகும் சூடு எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். கெட்டிலில் சூடேறும் பகுதி தண்ணீரை ஒட்டியே இருப்பதால் 0.1 யூனிட்டுக்குள் வேலை முடிந்துவிடும். 1500 வாட் கெட்டிலில் ஏறக்குறைய நான்கு நிமிடம். இண்டக்‌ஷனும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இழுக்கும். கேஸ் அடுப்பில் சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தண்ணீருக்குப் போகிறது, மீதி பாத்திரத்தைச் சுற்றி மேலே போய்விடும். லிட்டருக்கு 12 கிராம் கேஸ் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் பத்து லிட்டர் என்றால் மாதம் 3.6 கிலோ, அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் கால் பங்கு வெந்நீருக்கே போய்விடுகிறது. அதையே கரண்டில் வைத்தால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட்.

எது மலிவு என்பது நீங்கள் கட்டும் விலையைப் பொறுத்தது. சிலிண்டர் 900 ரூபாய் என்றால் ஒரு லிட்டருக்குக் கேஸ் செலவு 76 பைசா. அப்படியானால் யூனிட் ஏழரை ரூபாய்க்குக் கீழே இருக்கும் வரை கரண்டுதான் மலிவு. இங்கே சராசரி விலையைப் பார்க்காதீர்கள். இந்த 60 யூனிட் உங்கள் பில்லில் மேலே போய்ச் சேர்கிறது, யூனிட் கூடக் கூட விலையும் அடுக்கடுக்காக ஏறும், அதனால் அது எந்த அடுக்கில் விழுகிறதோ அந்த விலையைத்தான் பார்க்க வேண்டும்.

கேஸிலேயே வைப்பவர்கள் மூடி போட்டாலே கணிசமாக மிச்சமாகும். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி பக்கவாட்டில் ஏறக்கூடாது. மின்விசிறிக் காற்று படும் இடத்தில் அடுப்பு இருந்தால் தீ அலைந்து நேரம் கூடும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. பர்னரைக் கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

இண்டக்‌ஷனுக்குப் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் பலவற்றில் ஒட்டாது. அலுமினியத்திலும் செம்பிலும் ஒட்டவே ஒட்டாது. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். 2000 வாட் அடுப்பில் ஐந்து லிட்டர் கொதிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

கெட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் நம் பழக்கத்தால். மூடியைத் திறந்து வைத்தால் அது தானாக அணையாது. காரணம், கொதிக்கும்போது எழும் ஆவி ஒரு சின்ன வழியாகப் போய், சுவிட்ச் பக்கத்தில் இருக்கும் ஈருலோகத் தகட்டைச் சுட்டு வளைக்கும்போதுதான் சுவிட்ச் விழுகிறது. மூடி திறந்திருந்தால் ஆவி அங்கே போகாது. அதிகபட்சக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் கொதிநீர் மூக்கு வழியாகத் தெறிக்கும். பால் காய்ச்சாதீர்கள்: அடியில் பிடித்துக் கருகும், பொங்கி அடித்தட்டில் இறங்கினால் ஷார்ட் ஆகும். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். அதைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கிலோ, மல்டி பிளக்கிலோ மாட்டினால் சூடாகி உருகக்கூடும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூட்டில் பிரிந்து படிவதுதான் அது, விஷம் இல்லை. ஆனால் படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போவது தாமதமாகும், கெட்டிலும் சீக்கிரம் கெடும். அரைக் கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அணைத்துவிட்டு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு மேசைக்கரண்டி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கரைந்துவிடும். இரண்டு முறை கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். கம்பி நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

குடிப்பதற்கு என்றால் எப்போது கொதித்தது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் அடியில் தோன்றும் சின்னக் குமிழ்கள் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அடுத்து ஓர் இரைச்சல் வரும்; அடியில் உண்டாகும் ஆவிக்குமிழ்கள் மேலே வருமுன் உடையும் சத்தம் அது. இரைச்சல் அடங்கி, தண்ணீர் முழுக்கத் தளதளவென்று புரளும்போதுதான் கொதி. அங்கிருந்து ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் கொதிக்க விடுவது எரிபொருளுக்குத்தான் நஷ்டம். கெட்டில் கொதி வந்ததும் அணைந்துவிட்டாலும் கவலை வேண்டாம், மூடியபடி ஆறும்போது பல நிமிடங்களுக்குக் கிருமியைக் கொல்லும் சூடு அதில் இருக்கும். ஊட்டி போன்ற 2000 மீட்டருக்கு மேலான ஊர்களில் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம் விடுங்கள்.

கலங்கிய தண்ணீரைக் கொதிக்க வைக்குமுன் நான்காக மடித்த சுத்தமான வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எதுவும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு உள்ள கிணற்றுத் தண்ணீருக்கு இது தீர்வே இல்லை, அதற்கு ஆர்ஓ போன்ற வேறு வழிதான் தேட வேண்டும்.

பிளாஸ்டிக் வாளியில் போடும் ஹீட்டர் ராடு குளிக்கும் தண்ணீருக்கு மட்டும். அதிலும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ராடே வேண்டாம் என்பேன்.

ஆறிய தண்ணீரை முடிந்தவரை கொதித்த பாத்திரத்திலேயே மூடி வையுங்கள். வேறு குடத்துக்கு மாற்றினால் அந்தக் குடத்தைக் கொதிநீர் ஊற்றி அலசுங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும்போது விரல் பட்டாலே திரும்பவும் கிருமி சேரும். கொதித்த நீரில் அதைத் தடுக்கக் குளோரின் எதுவும் மிச்சம் இருக்காது. குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் நல்லது. இல்லையென்றால் நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, ஒரு நாளைக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.