கேள்வி-பதில்: குரலால் வாழ்பவர்களின் காதல்

ஒலிப்புத்தகம் வாசிக்கும் இருவரை நாயகன், நாயகியாக வைத்துக் காதல் நாவல் எழுதுகிறேன். கதைக்களம் காரைக்குடி. கண்ணாடி அறைக்குள் இருவரும் எதிரெதிரே அமர்ந்து வசனம் பேசுவதாக முதல் அத்தியாயம். நடைமுறையில் இப்படித்தானா?
*– வாசகி, தேவகோட்டை*

பெரும்பாலும் இல்லை. இரண்டு குரலில் நாவலைப் பதிவு செய்ய இரு வழிகள் உண்டு. ஒன்று, அத்தியாயம் பிரித்து வாசிப்பது: நாயகி சொல்வதாக வரும் அத்தியாயம் முழுவதும் பெண் குரல், நாயகன் சொல்வது ஆண் குரல். மற்றது, யார் வசனமோ அவர் குரலிலேயே வருவது. இதிலும் இருவரும் தனித்தனியே பேசி அனுப்ப, ஒலித்தொகுப்பாளர் வரி வரியாக வெட்டி ஒட்டுவதே பெருவழக்கு. ஒரே அறையில் இரண்டு மைக் வைத்தால் இவர் குரல் அவர் மைக்கில் கசியும். ஒருவர் தடுமாறினால் மற்றவர் வரியும் வீண். எனவே ஒருவர் காரைக்குடியிலும் ஒருவர் கோவையிலும் இருந்துகொண்டு, கடைசிவரை முகம் பார்க்காமலே ஒரு நாவலை முடித்துவிடலாம்.

உங்கள் கதைக்கு முதல் வழியே பொருத்தம். அதில் நாயகி தன் அத்தியாயங்களில் வரும் ஆணின் வசனத்தையும் தானே பேச வேண்டும். அவன் எங்கே இழுப்பான், கோபம் வந்தால் வேகம் கூடுமா குறையுமா என்று தெரியாமல் பேசினால், அடுத்த அத்தியாயத்தில் வேறு யாரோ வந்துவிட்டதாகக் கேட்பவர் நினைப்பார். அதனால் பதிவுக்கு முன்பே இருவரும் முக்கியப் பாத்திரங்களின் குரலில் ஒன்றிரண்டு நிமிடம் பேசி, மாதிரி அனுப்பிக்கொள்வது நல்ல வழக்கம். முன்பின் அறியாத ஒருவரின் மூச்சும் நிறுத்தமும் பழகும்வரை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்பது இங்கே வேலையின் ஒரு பகுதி. உங்கள் நாவல் அங்கே தொடங்கட்டும்.

அன்றாட வேலையையும் சரியாகக் காட்டுங்கள். மைக் முன் உட்காருமுன் நாவலை முழுவதும் வாசித்தாக வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் மெல்லிய குரல் கொடுத்த சித்தப்பாவைப் பதினெட்டாம் அத்தியாயத்தில் ‘கட்டைக்குரல்காரர்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால், பழைய வரிகள் எல்லாம் மறுபடி. செட்டிநாட்டு ‘அப்பச்சி’ அப்பா. கோவைக்காரர் அம்மாவின் அப்பா என்று எண்ணி எழுபது வயதுக் குரல் கொடுத்துவிடக்கூடும்.

தவறு நேர்ந்தால் அத்தியாயத்தை முதலிலிருந்து வாசிப்பதில்லை. மென்பொருள் சில வினாடி பின்னால் போய் நம் குரலையே காதில் ஒலிக்கவிட்டு, பிழைக்கு முந்தைய இடைவெளியில் பதிவைத் தொடங்கும். இதைப் ‘பஞ்ச் அண்ட் ரோல்’ என்பார்கள்; இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி (Audacity) மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. பழகிய குரலுக்கே ஒரு மணி நேர ஒலிக்கு இரண்டு மணி நேரமாவது பதிவுக்குப் போகும். வெட்டித் திருத்தும் நேரம் தனி.

பிறகு பிழை கேட்பவர் கோப்பு, நிமிடம், பக்கம், தவறிய சொல் என்று பட்டியல் அனுப்புவார். அந்த வரிகளை மட்டும் பேசித் தர வேண்டும். இங்கேதான் பலருக்குத் திணறல். காலைக் குரலின் கனம் மாலையில் இருக்காது. சளி பிடித்திருந்தால் புதிய வரி பழையதோடு ஒட்டவே ஒட்டாது. அதே மைக், அதே தூரம், அதே பொழுது வேண்டும். கெடு நெருங்கும்போது நாயகிக்குத் தொண்டை கட்டினால் போதும், கதை தானே நகரும்.

அவளைப் பட்டுச்சேலையும் வளையலுமாக மைக் முன் அமர்த்தாதீர்கள். சரசரப்பு அத்தனையும் பதிவாகும். பருத்தி உடைதான் சரி. வெறும் வயிறும் கூடாது, அதன் உறுமலும் கேட்கும்.

இன்னொன்று. நகரத்தார் குடும்பங்கள் என்றால் ‘எந்தக் கோயில்?’ என்ற கேள்வி வராமல் இருக்காது. ஒன்பது நகரக் கோயில்களில் இருவரும் ஒரே கோயில் என்றால் பொதுவாகப் பங்காளி முறை. பெண் கொடுத்து எடுப்பதில்லை. குரலில் தொடங்கிய காதலில் இந்தக் கேள்வியை யார், எந்த அத்தியாயத்தில் கேட்பது என்று யோசியுங்கள்.

எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) பதிவு செய்தால் எதிரொலிக்கிறது. முட்டை அட்டை ஒட்டினால் சரியாகுமா?
*– வாசகர், கானாடுகாத்தான்*

ஆகாது. அந்த அட்டைக்குக் கனமும் இல்லை, அடர்த்தியும் இல்லை. வளவையே விட்டுவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர், உயரமான கூரை: நம் வீடுகளுக்கு அழகு தரும் அந்த வழவழப்பே ஒலியையும் திருப்பி அனுப்புகிறது. போதாததற்குத் திறந்த முற்றத்தில் புறா வேறு.

வளவை ஒட்டிய அறைகளில் துணிமணியும் படுக்கையும் அடைந்து கிடக்கும் சிறிய அறையைத் தேர்ந்தெடுங்கள். கைதட்டிப் பாருங்கள், சத்தம் வால் இல்லாமல் அறுந்து விழ வேண்டும். இரண்டு இலவம்பஞ்சு மெத்தை வேண்டும். முதல் மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், ஏனென்றால் மைக்கின் முகம் பார்ப்பது அந்தத் திசையை. இரண்டாவது பக்கவாட்டில். மெத்தைகள் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நின்றால் பலன் கூடும். தரைக்கு ஜமுக்காளம் இரண்டு மடிப்பு. மெல்லிய திரையை மட்டும் தொங்கவிட்டால் கூர்மையான ஒலி மட்டும் அடங்கி, அடிக்குரலின் அதிர்வு அப்படியே தங்கும். குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. மைக் சற்றே ஓரமாக இருந்தால் ‘ப’ வரும்போது காற்று இடிக்காது. மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிட்டு அரை நிமிடம் பேசாமல் பதிவு செய்து அளவைப் பாருங்கள். அமேசானின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் (ACX) வகுத்த அளவைப் பலரும் பின்பற்றுகிறார்கள்: அறை இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே, குரலின் சராசரி -23க்கும் -18க்கும் நடுவே, உச்சம் -3ஐத் தாண்டாமல். இரைச்சலை மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அழுத்தித் துடைத்தால் குரலின் உயிரும் போய்விடும். மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி ஓயாது. அந்த மாதம் இரவில் வாசியுங்கள்.

நெருக்கமான காட்சிகளில் கிசுகிசுத்து வாசிக்கலாமா?
*– வாசகி, பள்ளத்தூர்*

வேண்டாம். கிசுகிசுப்பில் குரல்நாண் அதிராது, காற்று மட்டுமே வரும். அதை உயர்த்தினால் அறை இரைச்சலும் கூடவே உயரும். குரல்நாண் அதிர்வை விட்டுவிடாமல், குரலைத் தணித்துப் பேசுங்கள்; அரைச் சாண் தூரத்துக்கு நெருங்கி, பதிவளவைச் சற்றுக் குறையுங்கள். நெருங்கும்போது அடிக்குரல் தானாகவே கனக்கும், அந்தக் கனம் போதும்.

அச்சில் வந்த பழைய காதல் நாவலை, ஆசிரியர் பெயர் சொல்லி வாசித்து வெளியிடலாமா?
*– வாசகர், புதுவயல்*

பெயர் சொன்னால் மட்டும் போதாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அதுவரை எழுத்தில் அனுமதி தேவை. பதிப்பகத்திடம் கேட்குமுன் ஒலி உரிமை அவர்களிடம் இருக்கிறதா, குடும்பத்தாரிடமா என்று விசாரியுங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல் என்றால் அனுமதி வேண்டியதில்லை. அப்போதும் புதிய பதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரையையும் அடிக்குறிப்புகளையும் வாசிக்காதீர்கள். அவற்றின் உரிமை எழுதியவருடையது.